அட்டையில் ‘நார்மல்’, ஏழாம் மாதத்தில் குளிர்காய்ச்சல்: கர்ப்பகாலச் சிறுநீரகத் தொற்று வரும் வழி

ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில், பாம்பனிலோ திருப்பாலைக்குடியிலோ சாயல்குடிப் பக்கமோ, ஏழு மாதக் கர்ப்பிணி ஒருவர் உடம்பைத் தூக்கிப்போடும் குளிரோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறார். வலப்பக்க விலாவுக்குக் கீழே, முதுகை ஒட்டி, தொட்டாலே துடிக்கிற வலி. குடித்த கஞ்சி வயிற்றில் தங்கவில்லை. பார்த்த மருத்துவர் சிறுநீரகத்தில் தொற்று என்கிறார், அட்மிட் ஆகச் சொல்கிறார். கூட வந்த தாய் கேட்கிறார்: “மாசாமாசம் யூரின் டெஸ்ட் எடுத்தோமே, அட்டையில எல்லாம் நார்மல்னுதானே போட்டிருக்கு?”

கேள்வி நியாயமானது. அட்டையில் எழுதியதும் பொய் இல்லை. அங்கே சோதித்துப் பார்த்தது வேறொன்று, அவ்வளவுதான். தாய்-சேய் நல அட்டையில் உள்ள சிறுநீர்க் கட்டத்துக்கும் கிருமித் தொற்றுக்கும் இடையே ஓர் இடைவெளி இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தொற்று எங்கே தொடங்கி எப்படி மேலே போகிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரே கிருமி, மூன்று நிலைகள்

சிறுநீரகம் இரண்டு. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் இறங்கிச் சிறுநீர்ப்பையில் சேர்கிறது. பையிலிருந்து வெளியே வரும் பாதை பெண்களுக்கு ஏறக்குறைய 4 செ.மீ.தான். அது ஆசனவாய்க்கு அருகிலேயே திறக்கிறது. குடலில் தொந்தரவு செய்யாமல் வாழும் ஈ.கோலை என்ற கிருமி இந்தக் குட்டைப் பாதையில் ஏறிவிடுவதுதான் பெரும்பாலான தொற்றுகளின் தொடக்கம். கர்ப்பகாலச் சிறுநீரகத் தொற்றுகளில் பத்தில் ஏழெட்டுக்கு இந்த ஒரு கிருமியே காரணம். மீதியில் கிளெப்சியெல்லா, புரோட்டியஸ் போன்றவை வரும்.

1. அறிகுறியில்லாத நிலை. பையில் கிருமி பெருகியிருக்கும், எரிச்சலோ வலியோ காய்ச்சலோ இருக்காது. கர்ப்பிணிகளில் 100-க்கு 2 முதல் 10 பேர் வரை இந்த நிலையில் இருப்பார்கள். அவர்களுக்கே அது தெரியாது.

2. பைத் தொற்று. நம் ஊரில் நீர்க்கடுப்பு என்பது இதைத்தான். எரிச்சல், சொட்டுச் சொட்டாக வருவது, அடிக்கடி போகத் தோன்றுவது, அடிவயிற்று வலி. காய்ச்சல் பொதுவாக இருக்காது.

3. சிறுநீரகத் தொற்று. கிருமி குழாய் வழியே மேலேறிச் சிறுநீரகத்துக்குள்ளேயே புகுந்துவிட்ட நிலை. கடும் காய்ச்சல், நடுக்கம், விலாவுக்குப் பின்பக்க வலி, வாந்தி. கர்ப்பிணிகளில் 100-க்கு ஒருவர், சில இடங்களில் இருவர் வரை, இந்த நிலைக்கு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்கு வருவது நான்காம் மாதத்துக்குப் பிறகுதான்.

முதல் நிலையிலிருந்து இரண்டாவதைத் தொடாமலேயே மூன்றாவதுக்குத் தாவ முடியும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. ‘எரிச்சலே இல்லையே, எப்படித் தொற்று?’ என்ற குழப்பம் இங்கேதான் பிறக்கிறது.

கர்ப்பத்தில் மட்டும் ஏன் மேலேறுகிறது?

கர்ப்பம் இல்லாத பெண்ணுக்கும் பையில் கிருமி இருக்கலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு அது அங்கேயே கிடக்கும், அல்லது தானாகவே போய்விடும். கர்ப்பிணிக்கு அப்படி விட்டுவிட முடியாததற்குக் காரணம் உடலில் நடக்கும் மாற்றங்கள்.

கர்ப்பத்தைத் தாங்கிப் பிடிக்கும் புரொஜெஸ்டிரோன் ஹார்மோன் கருப்பைத் தசையைத் தளர்த்தி வைக்கிறது. அதே ஹார்மோன் சிறுநீர்க் குழாயின் தசையையும் தளர்த்துகிறது. அந்தக் குழாய் சும்மா தொங்கும் ரப்பர் குழாய் இல்லை. மண்புழு நெளிவதுபோல் அலை அலையாகச் சுருங்கிச் சிறுநீரைக் கீழே தள்ளுவது அதன் வேலை. அந்த அலை மந்தமானால் நீர் தேங்கும். போதாதென்று, வளரும் கருப்பை குழாயை இடுப்பெலும்பின் விளிம்பில் வைத்து அழுத்துகிறது. கருப்பை சற்று வலப்பக்கம் திரும்பியே வளரும். இடப்பக்கக் குழாய்க்குப் பெருங்குடலின் ஒரு மடிப்பு மெத்தைபோல் இருக்கிறது, வலப்பக்கத்துக்கு அது இல்லை. சிறுநீரகத் தொற்று வலப்பக்கமே அதிகம் வருவதற்கு இதுதான் காரணம்.

இதனால் ஸ்கேன் அறிக்கையில் ‘வலது சிறுநீரகத்தில் லேசான ஹைட்ரோநெஃப்ரோசிஸ்’ என்று வருவது கர்ப்பத்தில் சாதாரணம். நீர் தேங்கிச் சற்று விரிந்திருக்கிறது என்பதே அதற்குப் பொருள். கர்ப்பிணிகளில் பெரும்பாலோருக்கு ஓரளவு இருக்கும். அந்த வரியை மட்டும் படித்துவிட்டு ‘கிட்னி வீங்கிடுச்சாம்’ என்று வீட்டில் அழ வேண்டியதில்லை. காய்ச்சலும் வலியும் சேர்ந்தால்தான் அந்த வரிக்கு வேறு அர்த்தம்.

கர்ப்பகாலத்தில் சிறுநீரகம் வடிகட்டும் அளவு ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிறது. அப்போது கொஞ்சம் சர்க்கரையும் சிறுநீரில் கசியும். தேங்கிய நீர், அதில் கிருமிக்குத் தீனி. நீரிழிவும் இருந்தால் ஆபத்து இன்னும் ஒரு படி கூடும். முன்பே சிறுநீரகக் கல் இருந்தவர்களுக்கும், ஏற்கெனவே நீர்க்கடுப்பு அடிக்கடி வந்தவர்களுக்கும் அப்படியே.

‘சூட்டு வலி’ என்ற சொல் செய்யும் வேலை

இந்தக் கரையில் கர்ப்பிணிக்கு வரும் பாதி உபாதைகளுக்கு ஒரே பெயர்: சூடு. நீர்க்கடுப்பா, உஷ்ணம். குறுக்கு வலியா, உஷ்ணம். ஏழு, எட்டு மாதத்தில் வயிறு இழுத்துப் பிடித்தால் அது சூட்டு வலி. வெந்தயம் போட்ட மோர், சீரகத் தண்ணீர், இளநீர், பார்லிக் கஞ்சி, தொப்புளில் விளக்கெண்ணெய் என்று வைத்தியமும் அதையொட்டியே வரும்.

இதில் முழுப் பிழை எதுவும் இல்லை. சித்திரை, வைகாசி வெயிலில் நீர் குறைவாகக் குடித்தால் சிறுநீர் அடர்ந்து மஞ்சளாகி எரியத்தான் செய்யும். அதற்குக் கிருமி தேவையில்லை. நிறையக் குடித்தால் அரை நாளில் சரியாகிவிடும். கர்ப்பத்தின் பிற்பாதியில் பொய் வலி வருவதும் இயல்பே.

சிக்கல், ஒரே சொல் மூன்று வெவ்வேறு விஷயங்களை மூடிவிடுவதில் இருக்கிறது. நீர் குறைந்ததால் வரும் எரிச்சல், கிருமியால் வரும் எரிச்சல், சிறுநீரகத் தொற்று தூண்டிவிட்ட உண்மையான கருப்பைச் சுருக்கம் ஆகிய மூன்றும் ‘சூடு’ ஆகிவிடுகின்றன. காய்ச்சலும் கிருமியின் நச்சுப்பொருள்களும் கருப்பையைச் சுருங்க வைக்கும். ஆகவே எட்டாம் மாதத்துக் ‘சூட்டு வலி’, குறைமாதப் பிரசவத்தின் முதல் அடியாகவும் இருக்கலாம். பிரித்தறிய வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு: காய்ச்சல்மானி. உடல்சூடு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால், அது இளநீரால் தீரும் சூடு அல்ல.

குளிர்காய்ச்சல் என்றால் இன்னொரு எண்ணமும் உடனே வரும். ராமேஸ்வரம் தீவுக்கு மலேரியா புதிதல்ல. ஆகவே நடுக்கத்தோடு வரும் கர்ப்பிணிக்கு ரத்தத்தில் மலேரியா பார்ப்பது சரியான காரியமே. அது இல்லை என்று வந்ததும் ‘சாதாரண வைரல் காய்ச்சல்’ என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டால்தான் தவறு. சிறுநீரையும் பார்க்க வேண்டும்.

அட்டையில் இருப்பது, இல்லாதது

கிராம சுகாதார செவிலியரிடம் போகும்போதும், ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி நடக்கும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்ட முகாமுக்குப் போகும்போதும் எடை, ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் இவற்றோடு சிறுநீரும் பார்க்கிறார்கள். அங்கே சிறுநீரில் வழக்கமாகத் தேடுவது இரண்டு: ஆல்புமின், சர்க்கரை. ஆல்புமின் என்பது புரதம். அது கசிந்தால், ரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வரை போகக்கூடிய கர்ப்பகால நோயைச் சந்தேகிக்க வேண்டும். சர்க்கரை, நீரிழிவுக்கான குறிப்பு. இரண்டும் உயிர் காக்கும் பரிசோதனைகள், குறைசொல்ல இடமில்லை.

ஆனால் இவை இரண்டும் கிருமியைத் தேடுபவை அல்ல. ஒரு மில்லி சிறுநீரில் லட்சக்கணக்கில் ஈ.கோலை இருந்தாலும் ஆல்புமின் இல்லை, சர்க்கரை இல்லை என்றே வரலாம். கட்டத்தில் எழுதிய ‘நார்மல்’ அந்த இரண்டுக்கும் மட்டும்.

கிருமியைத் தேடும் வழிகள் மூன்று. அவை நம்பகத்தில் சமமானவை அல்ல.

1. நிறம் மாறும் பட்டை. சிறுநீரில் நனைத்தால் நைட்ரைட்டும் வெள்ளணு நொதியும் இருக்கிறதா என்று நிறம் காட்டும். விலை குறைவு, உடனே விடை. ஆனால் கிருமி நைட்ரைட்டை உண்டாக்கச் சிறுநீர் பையில் ஏறக்குறைய நான்கு மணி நேரமாவது நிற்க வேண்டும். கர்ப்பிணி அரை மணிக்கு ஒருமுறை எழுந்து போகிறவர். பல நேரம் பட்டை பொய்யாக ‘இல்லை’ என்றுவிடும்.

2. நுண்ணோக்கிப் பரிசோதனை. லேப் சீட்டில் ‘பஸ் செல்’ என்று ஓர் எண் வருமே, அது இதுதான். சீழணு சில இருப்பதாலேயே தொற்று என்றாகிவிடாது. கர்ப்பத்தில் வெள்ளைப்படுதல் அதிகம், அது சிறுநீரோடு கலந்தாலும் பஸ் செல் கூடும். ‘பஸ் செல் 6–8’ என்று பார்த்ததும் கடையில் ஆன்டிபயாடிக் வாங்கிச் சாப்பிடும் பழக்கத்துக்கு இந்த எண் நியாயம் ஆகாது.

3. யூரின் கல்ச்சர். சிறுநீரைக் கிருமி வளரும் ஊடகத்தில் பூசி, வளர்வதை எண்ணி, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்றும் பார்ப்பது. ஒன்றிரண்டு நாள் முதல் மூன்று நாள் வரை ஆகும். ஒரு மில்லியில் ஒரே வகைக் கிருமி 1 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் தொற்று என்று கொள்வது வழக்கம். இந்த 1 லட்சம் என்ற அளவுகோலை 1950-களில் அமெரிக்காவின் பாஸ்டனில் எட்வர்ட் காஸ் வகுத்தார். கர்ப்பிணிகளின் அறிகுறியில்லாத நிலைக்கும் பின்னர் வரும் சிறுநீரகத் தொற்றுக்கும் உள்ள தொடர்பை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்ததும் அவரது ஆய்வுகளே.

உலக சுகாதார நிறுவனம் 2016-இல் வெளியிட்ட கர்ப்பகாலப் பராமரிப்புப் பரிந்துரையில், அறிகுறியில்லாத நிலையைக் கண்டறியக் கல்ச்சரையே சொல்கிறது. கல்ச்சர் வசதி இல்லாத இடத்தில், பட்டையைவிட, சிறுநீருக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் கிருமியையே பார்க்கும் முறை மேல் என்கிறது. கண்டுபிடித்தால் ஏழு நாள் ஆன்டிபயாடிக்.

எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கல்ச்சர் அவசியமா என்பதில் மருத்துவ உலகில் ஒரே குரல் இல்லை. அறிகுறியில்லாத நிலையைச் சிகிச்சையின்றி விட்டால் 100-க்கு 20 முதல் 40 பேருக்குச் சிறுநீரகத் தொற்று வரும் என்று பழைய ஆய்வுகள் சொன்னன. 2015-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் அது 100-க்கு 2.4 பேர்தான். கிருமி இல்லாதவர்களில் 0.6. ஆபத்து நான்கு மடங்கு என்பது உண்மை, ஆனால் பழைய கணக்கு பயமுறுத்திய அளவு இல்லை. அந்த ஆய்வில் இருந்தவர்கள் வேறு சிக்கல் எதுவும் இல்லாத பெண்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். வெயிலும் தண்ணீர்த் தட்டுப்பாடும் ரத்தசோகையும் சேர்ந்த ஊரில், ஆம்ஸ்டர்டாம் பக்கத்துக் கணக்கை அப்படியே வைத்து நிம்மதி அடைவது சரியாகப் படவில்லை. மூன்று, நான்காம் மாதத்தில் ஒரே ஒரு கல்ச்சர் என்பது பெரிய செலவும் அல்ல.

இங்கே இன்னொரு நடைமுறைச் சிக்கல். கல்ச்சருக்குக் கொடுக்கும் சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்குள் ஆய்வகத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுபோக வேண்டும். சூட்டில் கிடந்தால் இரண்டு, மூன்று கிருமியும் குட்டி போட்டுப் பெருகி, இல்லாத தொற்றை இருப்பதாகக் காட்டிவிடும். ராமேஸ்வரத்தில் எடுத்த டப்பாவைப் பையில் போட்டு, பஸ்ஸில் 55 கி.மீ. தள்ளி ராமநாதபுரத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தால் விடை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஆய்வகம் இருக்கும் இடத்திலேயே போய்க் கொடுப்பது நல்லது. கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதை மட்டும் டப்பாவில் பிடிக்க வேண்டும். அறிக்கையில் ‘பலவகைக் கிருமிகள் கலந்து வளர்ந்துள்ளன’ என்று வந்தால் பெரும்பாலும் அது பிடித்த விதத்தில் நேர்ந்த கலப்படம். மறுபடி கொடுக்க வேண்டும், மருந்து தின்ன வேண்டாம்.

இந்தக் கரையில் கூடுதலாக என்ன?

தொண்டிக்கு வடக்கிலிருந்து தெற்கே மூக்கையூருக்கும் அப்பால் வரை, ஏறக்குறைய 237 கி.மீ. நீளும் கடற்கரை இது. தமிழ்நாட்டுக் கரையில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. இங்கே கடல்நீருக்குப் பஞ்சமில்லை, குடிநீருக்குத்தான். காவிரிக் கூட்டுக் குடிநீர் வந்த பிறகும், நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை அமைந்த பிறகும், கோடையில் கடலாடி, சாயல்குடிப் பக்கம் தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கி நடக்கும் பெண்களைப் பார்க்கலாம். காசு கொடுத்து வாங்கும் குடத்தை முதலில் சோற்றுக்கும் பிள்ளைகளுக்கும் ஒதுக்குகிறார்கள். தான் குடிப்பது கடைசியில்.

இன்னொன்று, ஒதுங்க இடம். மண்டபம், பாம்பன், சின்னப்பாலம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள் கண்ணாடியும் கையுறையும் மாட்டிக்கொண்டு மணிக்கணக்கில் தண்ணீரில் நிற்கிறார்கள், மூழ்கி எடுக்கிறார்கள். வாலிநோக்கம் உப்பளத்தில் வேலை விடியலில் தொடங்கும். கருவாடு காயவைக்கும் மணல்திட்டில் நிழலும் இல்லை, கழிப்பறையும் இல்லை. இத்தகைய இடங்களில் பெண்கள் கண்டுபிடித்த உபாயம் பழையது: குடிக்காமல் இருந்தால் போக வேண்டியதில்லை. கர்ப்பம் தெரிந்த பிறகும் நான்கைந்து மாதம் வரை வேலையை விடாதவர்கள் உண்டு.

கடல்நீர்தான் தொற்றைக் கொடுக்கிறது என்று சிலர் நினைப்பதுண்டு. கிருமி கடலிலிருந்து வருவதில்லை, அவரவர் குடலிலிருந்தே வருகிறது. ஆனால் குறைவாகக் குடிப்பதும், வந்ததை அடக்குவதும், பையில் ஏறிய கிருமியை வெளியே அலசிவிடும் வாய்ப்பைப் பறிக்கின்றன. தங்கிய கிருமி நல்ல சூழல் கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கக்கூடியது. ஏற்கெனவே தளர்ந்து கிடக்கும் குழாயில் அது ஏறுவதற்கு அதிக நேரம் பிடிக்காது.

பருவத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வெயில் உச்சத்தில் இருக்கும் அதே 61 நாள்களில்தான் கரையில் காசுப் புழக்கமும் வற்றுகிறது. தனியார் லேபில் கல்ச்சர் எழுதிக் கொடுத்தால் ‘படகு இறங்கட்டும், பார்ப்போம்’ என்று தள்ளிப்போவது இந்த மாதங்களில்தான். அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனையும் மருந்தும் உள்நோயாளி உணவும் இலவசமாக வழங்க வேண்டும் என்பது 2011-இல் தொடங்கிய ஜனனி சிசு சுரக்‌ஷா திட்டத்தின் விதி. கேட்டுப் பெற வேண்டியது அது.

கீழக்கரை, பெரியபட்டினம், தேவிபட்டினம் பக்கம் நோன்பு மாதத்தில் மருத்துவரிடம் வரும் கேள்வி, பிடிக்கலாமா கூடாதா என்பது. கர்ப்பிணிக்கு மார்க்கமே சலுகை தந்திருக்கிறது, விட்ட நோன்பைப் பின்னால் ஈடுசெய்யலாம். இந்தக் கர்ப்பத்தில் ஒருமுறை சிறுநீரகத் தொற்று வந்தவர் அந்தச் சலுகையை எடுத்துக்கொள்வதே மருத்துவக் கணக்கில் சரி.

மேலேறிவிட்டால் என்ன நடக்கும்?

சிறுநீரகத்தின் வழியே உடலின் மொத்த ரத்தமும் திரும்பத் திரும்பப் போய்வருகிறது. அங்கே புகுந்த கிருமிக்கு ரத்தம் எட்டிப் பிடிக்கும் தூரம். கர்ப்பகாலச் சிறுநீரகத் தொற்றில் ஐந்தில் ஒருவர் வரை ரத்தத்திலும் கிருமி கிடைக்கிறது. அதன்பின் நடக்கக்கூடியவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை:

1. கிருமியின் நச்சு ரத்தநாளங்களைக் கசிய வைக்கும். ரத்த அழுத்தம் இறங்கும், நாடி ஓடும். செப்சிஸ் என்பது இதுவே.

2. அதே கசிவு நுரையீரலில் நடந்தால் மூச்சுத் திணறும். சிறுநீரகத் தொற்றுக்குச் சேர்ந்த பெண்ணுக்கு இரண்டாம் நாள் மூச்சு வாங்கினால் ‘பயத்தில் அப்படி’ என்று விடக்கூடாது. டிரிப்ஸ் அளவு மீறினாலும், குறைமாதப் பிரசவ வலியை நிறுத்தும் சில மருந்துகள் சேர்ந்தாலும் இது கூடும்.

3. சிவப்பணுக்கள் உடைந்து ஹீமோகுளோபின் திடீரென இறங்கும். ஏற்கெனவே 8, 9 என்று இருப்பவருக்கு இது சிறிய விஷயமல்ல.

4. சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் தற்காலிகமாகக் குறையும்.

5. கருப்பை சுருங்கத் தொடங்கும், குறைமாதப் பிரசவம் நேரலாம்.

பெரும்பாலோருக்கு இத்தனையும் நடப்பதில்லை. நேரத்துக்கு ஊசி போட்டால் இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கி, எழுந்து உட்கார்ந்து சோறு கேட்பார்கள்.

சிகிச்சை: ஏன் மாத்திரை போதாது?

கர்ப்பிணிக்குச் சிறுநீரகத் தொற்று என்றால் ஆரம்ப மருந்து நரம்பு வழியே போக வேண்டும், அதுவும் படுக்கையில் வைத்து. வாந்தி எடுப்பவருக்கு மாத்திரை தங்காது. ரத்த அழுத்தம், நாடி, மூச்சு, சிறுநீர் அளவு, குழந்தையின் இதயத் துடிப்பு ஆகியவற்றையும் மணிக்கு மணி பார்க்க வேண்டியிருக்கிறது. பெரும்பாலும் செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஊசியில் தொடங்குவார்கள். மருந்து ஏறுவதற்கு முன்பே கல்ச்சருக்குச் சிறுநீர் எடுத்துவிட வேண்டும், பின்னர் எடுத்தால் கிருமி பிடிபடாது. காய்ச்சலுக்கு பாராசிட்டமால். 48 மணி நேரத்தில் காய்ச்சல் இறங்காவிட்டால் இரண்டு சந்தேகம்: கிருமி அந்த மருந்துக்கு அடங்கவில்லை, அல்லது கல், சீழ்க்கட்டி ஏதோ ஒன்று வழியை அடைத்திருக்கிறது. அப்போது கல்ச்சர் விடையும் ஸ்கேனும் வழிகாட்டும். காய்ச்சல் விட்ட பிறகு மாத்திரைக்கு மாறி, மொத்தம் 10 முதல் 14 நாள்.

இந்தியாவில் ஈ.கோலை பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காமல் போய்க்கொண்டிருப்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு அறிக்கைகள் ஆண்டுதோறும் காட்டுகின்றன. அதற்குக் காரணங்களில் ஒன்று நம் தெருமுனை மருந்துக்கடையிலேயே இருக்கிறது. ‘நீர்க்கடுப்புக்கு ரெண்டு மாத்திரை கொடுங்க’ என்றால் என்ன கிடைக்கிறது என்று பார்ப்போம்.

நார்ஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின் வகை கர்ப்பத்தில் வழக்கமாகத் தவிர்க்கப்படுவது. டாக்சிசைக்ளின் வகை குழந்தையின் பல், எலும்பைப் பாதிக்கும். டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் 20 வாரத்துக்குப் பிறகு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிக்குட நீரைக் குறைக்கக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-இல் எச்சரித்தது. இனிப்பான சிட்ரேட் சிரப் எரிச்சலைத் தணிக்கும், கிருமியைக் கொல்லாது. எரிச்சல் அடங்கியதால் நோய் போய்விட்டது என்று நம்பவைப்பதுதான் அதன் தீங்கு. நைட்ரோஃபுரான்டாயின் பைத் தொற்றுக்கு நல்ல மருந்து, ஆனால் சிறுநீரகத் திசுவில் போதிய அளவு சேராது. ஆகவே காய்ச்சலோடு வந்தவருக்கு அது பயன்படாது, பிரசவம் நெருங்கும் வாரங்களிலும் கொடுப்பதில்லை. ஒரே மருந்து ஒருவருக்குச் சரியாகவும் அடுத்தவருக்குத் தவறாகவும் இருப்பது இப்படித்தான். பக்கத்து வீட்டுச் சீட்டைக் காட்டி வாங்கக்கூடாது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை.

எப்போது கிளம்ப வேண்டும், எங்கே?

எரிச்சல் மட்டும், காய்ச்சல் இல்லை என்றால் அடுத்த நாளுக்குள் சுகாதார நிலையம். கீழுள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே, இரவானாலும்:

1. 38 டிகிரி அல்லது அதற்கு மேல் காய்ச்சல், நடுக்கம்.
2. விலாவுக்குப் பின்னால் ஒருபக்க வலி. (குடல்வால் வலியும் கர்ப்பத்தில் மேலே ஏறி இதுபோலவே காட்டும். அதுவும் காத்திருக்கும் வலி அல்ல.)
3. தண்ணீர்கூடத் தங்காத வாந்தி.
4. மூச்சு வாங்குவது, தலைசுற்றல், பேச்சில் தடுமாற்றம், சிறுநீர் வெகுவாகக் குறைவது.
5. விட்டுவிட்டு வயிறு இறுகுவது, குழந்தை அசைவு குறைவது.

தீவிலிருந்தோ கடலாடிப் பக்கமிருந்தோ வருபவர்களுக்குத் தூரமே முக்கிய கணக்கு. 108-ஐ அழைக்கும்போதே ‘கர்ப்பிணி, எத்தனை மாதம், காய்ச்சல் எவ்வளவு, மூச்சு எப்படி’ என்று சொல்லிவிட்டால் எங்கே கொண்டுபோவது என்பதை அப்போதே முடிவு செய்யலாம். ராமநாதபுரத்தில் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. அதற்கு மேலும் தேவைப்பட்டால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை, ராமநாதபுரத்திலிருந்து இன்னும் 100 கி.மீ.க்கு மேல். சுகாதார நிலையத்திலிருந்து அனுப்பும்போது முதல் ஊசியைப் போட்டுவிட்டு அனுப்பச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. செப்சிஸில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கில் வரும், வழியில் போகும் நேரமும் அதில் அடக்கம்.

வீடு திரும்பிய பின்புதான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஒருமுறை சிறுநீரகத் தொற்று வந்தவருக்கு அதே கர்ப்பத்தில் மறுபடி வரும் வாய்ப்பு கணிசமானது. மருந்து முடிந்து ஒன்றிரண்டு வாரத்தில் கல்ச்சர் மறுபடி எடுக்க வேண்டும், ‘உடம்பு தேறிவிட்டதே’ என்று விடக்கூடாது. தொற்று மறுபடி வராமல் தடுக்க, பிரசவமாகி நான்கு முதல் ஆறு வாரம் ஆகும் வரை, இரவில் ஒரு சிறு அளவு ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுக்கும் மருத்துவர்களும் உண்டு. வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போகும்போது, தங்கச்சிமடத்துப் பெண் முதுகுளத்தூருக்கோ தொண்டிப் பெண் கீழக்கரைக்கோ போகும்போது, மருத்துவமனை மாறும், செவிலியரும் மாறுவார். அட்டையில் அந்தத் தொற்றுக்குக் கட்டமே கிடையாது. டிஸ்சார்ஜ் சீட்டையும் கல்ச்சர் அறிக்கையையும், எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கியது என்ற வரி வெளியே தெரியும்படி மடித்து, அட்டையோடு சேர்த்துப் பின் அடித்துக்கொண்டு போக வேண்டும்.